இட்லிப் பானையில் வெந்த சீமைப் புகையிலை

எங்கள் ஊரில் மாவட்டம் மாறினால், கலெக்டர் ஆபீசில் போர்டு மாறுவதற்கு முன்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்பு மாறிவிடும். 1997-இல் செய்த முதல் ஸ்டாம்பில் ‘பெரம்பலூர் மாவட்ட பைப் புகைப்போர் கழகம், அரியலூர்’ என்று இருந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. உடனே இரண்டாவது ஸ்டாம்பு. அடுத்த வருஷமே எங்களை மறுபடி பெரம்பலூரோடு ஒட்டிவிட்டார்கள். பழைய ஸ்டாம்பை அதற்குள் குப்பையில் போட்டுவிட்டபடியால் மூன்றாவது. இப்போது 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர் மாவட்டம், நான்காவது ஸ்டாம்பு. இத்தனை ஸ்டாம்பு அடித்த கழகத்தில் மொத்தம் எத்தனை பேர் என்கிறீர்கள்? மூன்றரை ஆள். அந்த அரை ஆள் என் வீட்டுக்காரர்.

நான்காவது ஸ்டாம்பு எங்கள் வீட்டு அலமாரியில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. அரை ஆள் எப்படி முழு ஆள் ஆனார் என்று சொல்கிறேன். அவர் பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். காது நன்றாகக் கேட்கும். கேட்கட்டும்.

அவர் பெயர் ஞானமுத்து. சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. பத்தாவது படித்துவிட்டு, இருபத்து நான்கு வயதில் ஒரு சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடைக் கிளார்க்காகச் சேர்ந்தார். லாரி மேடையில் ஏறும். இவர் ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். லாரி இறங்கிப் போகும். அந்த ஜன்னலை எந்தப் புண்ணியவான் கட்டினானோ, உட்கார்ந்தால் முள் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் நின்றுகொண்டே எழுதினார். லாரி வருகிற சத்தத்தை வைத்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

கோபம் என்பதே வராது மனுஷனுக்கு. அவர் பங்குக் கோபத்தையும் ஆண்டவர் எனக்கே சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் அற்புதம்மாள், சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறவள். எனக்கு இவர் வாய்த்ததும் இவருக்கு நான் வாய்த்ததும் நல்லதற்குத்தான் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்வார். யாருக்கு நல்லது என்று சொல்ல மாட்டார்.

சுரங்கத்துக்கு மேனேஜராக இருந்தவர் நடராசன் சார். ஆலைக்காரர்கள் அவரை ஆறு மாசம் ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்ன படித்து வந்தாரோ தெரியாது, பல்லில் ஒரு பைப்பைக் கடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த பைப் இல்லாமல் அவர் வாயை யாரும் பார்த்ததில்லை. 1997-இல் ஓய்வு பெற்றதும் பொழுது போக வேண்டுமே, கழகம் ஆரம்பித்துவிட்டார். தலைவர் அவர். செயலாளர், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளைச்சாமி. மூன்றாவது ஆள் மாட்டு டாக்டர் அருள்முருகன். இவர் பெரம்பலூரிலிருந்து மாதாமாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவார். மாட்டுக்கொட்டகை நாற்றம் மூக்கை விட்டுப் போவதற்காகப் பைப் பிடிக்க ஆரம்பித்தாராம்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே என்ன வேலை? எடுபிடி வேலைதான். மேனேஜராக இருந்தபோது கூப்பிட்ட பழக்கத்தில் நடராசன் சார் இப்போதும் கூப்பிட்டார். “ஞானமுத்து, ஞாயித்துக்கிழம வூட்டுப் பக்கம் வந்துட்டுப் போ” என்றார். இவரும் போனார். பைப் துடைக்கிற கம்பி நம் ஊரில் எங்கே கிடைக்கும்? இவர்தான் கோழி இறகைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, கட்டாகக் கட்டி எடுத்துப் போவார். பைப்புத் தண்டுக்குள் இறகை விட்டு இழுத்தால் கரி அத்தனையும் வந்துவிடும். இறகுக் கட்டோடு கதவோரம் நிற்பார். யார் பைப் அடைத்துக்கொண்டாலும் கையை மட்டும் பின்னால் நீட்டுவார்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்து முறையைக் கேளுங்கள். மூன்று சில்வர் கிண்ணத்தில் மூன்று புகையிலை. ஒவ்வொன்றையும் தட்டால் மூடி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட வேண்டும். எது எந்த நாட்டுச் சரக்கு என்று இவருக்கு மட்டும் தெரியும். உறுப்பினர்கள் விரலில் நசுக்கி, முகர்ந்து, மூன்று தடவையாகப் பைப்பில் அடைத்து, இரண்டு தடவை பற்றவைப்பார்கள். அப்புறம் பத்து நிமிஷம் பேசக்கூடாது. பூசையில் தூபக்கால் ஆட்டுகிறபோதுகூட எங்கள் கோயிலில் அவ்வளவு அமைதி இருக்காது. பிறகு ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல, இவர் தன் முத்தான கையெழுத்தில் ‘ருசிப் பதிவேடு’ என்ற நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குவார். ஸ்டாம்பும் அடிப்பார். நோட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

திருச்சி பர்மா பஜாரில் கிடைத்தால் புகையிலை, இல்லாவிட்டால் இல்லை. ஒரு தடவை ஒரே பொட்டலம்தான் கிடைத்தது. மூன்று கிண்ணத்திலும் அதையே போட்டுவிட்டார் இவர். மூன்று பேரும் மூன்றுக்கும் மூன்று விதமாக எழுத வைத்து, இரண்டாம் நம்பருக்குப் பரிசு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, “பாவம் அற்புதம், ரொம்ப யோசிச்சுத்தான் சொன்னாங்க” என்றார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

இவருடைய தம்பி ஆண்ட்ரூஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். 1998 கிறிஸ்துமசுக்கு வந்தவன் அண்ணனுக்கு ஒரு பழைய பைப்பும், சிவப்பு நிறத்தில் தங்கக் கோடு போட்ட ஒரு புகையிலை டப்பாவும் கொண்டுவந்து கொடுத்தான். அந்த டப்பாவை இவர் சனவரிக் கூட்டத்துக்கு எடுத்துப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“அற்புதம், இன்னிக்கு சார் என்னைய உக்காரச் சொல்லிட்டாரு.”

“ஏன், நம்ம வூட்ல திண்ணை இல்லியா?”

“கை வெச்ச நாற்காலி. அவரே இழுத்துப் போட்டாரு. ‘உக்காரு ஞானமுத்து, நீயும் ஒரு பைப் புடி’ன்னாரு.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. ஐம்பத்திரண்டு வயசு மனுஷன் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நிற்கிறார். உள்ளே போய் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதையும் சேர்த்து அப்புறமாகத் திட்டிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் ஆண்ட்ரூஸ் தவறாமல் டப்பா அனுப்பினான். நாற்காலியும் தவறாமல் கிடைத்தது. 2000-இல் ஒரு மாசம் டப்பா வரத் தாமதமாயிற்று. வெறுங்கையோடு போனார். நாற்காலி அதே இடத்தில்தான் இருந்ததாம். அதன்மேல் நடராசன் சாரின் குடையும் பழைய பேப்பர்க் கட்டும் இருந்ததாம். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காரலாமே என்றால் இவருக்கு அதெல்லாம் வராது. இரண்டு மணி நேரம் கதவோரம் நின்றுவிட்டு வந்து, “கால் வலிக்குது” என்று படுத்துக்கொண்டார். முப்பது வருஷம் லாரிக்கு நின்ற கால் அது. அன்றைக்குத்தான் முதல்முறையாக வலிக்கிறது என்று சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம் ஆண்ட்ரூஸ் கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் எஸ்.டி.டி. பூத் வைத்துவிட்டான். இனிமேல் டப்பா கிடையாது. இவர் காலியான சிவப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் டப்பாவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். வெல்லப்பாகு வாசனை, ஏதோ பழ வாசனை, அடியில் போயிலை வாசனை. அவ்வளவுதானே?

“டப்பா சீமை டப்பாதானே?” என்றேன்.

“ஆமா.”

“உள்ள இருக்குறது எந்த ஊருன்னு அந்த மூணு மூக்குக்கும் தெரியுமா?”

இவர் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “பாவம் அற்புதம். மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டா நான் பாத்துக்குறேன். போயி மார்க்கெட்ல அரைக் கிலோ போயிலை வாங்கிட்டு வாங்க.”

ஆமாம், ஐடியா என்னுடையதுதான். அவர் மேல் பழி போட மாட்டேன். ஜெயங்கொண்டம் மார்க்கெட்டில் வெற்றிலைக்குப் போடுகிற வேதாரண்யம் புகையிலையை வாங்கி வந்தார். அப்படியே பற்றவைத்தால் மூன்று பேரும் மயங்கி விழுவார்கள். மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காரத்தை எடுத்தேன். பிறகு இட்லிப் பானையில் துணி போட்டு அவித்தேன். வரதராசன்பேட்டையில் என் தங்கை வீட்டு முந்திரிக்காட்டில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் வீசிவிடுவார்கள். அதை ஒரு சாக்கு அள்ளி வந்து சாறு பிழிந்து, வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சி, நாலு கிராம்பு தட்டிப் போட்டு, அவித்த புகையிலையில் பிசறினேன். பிறகு அம்மிக்கல்லுக்கு அடியில் இருபது நாள் அழுத்தி வைத்து, அரிவாள்மணையில் மெல்லிசாக அரிந்தேன். இட்லிப் பானையிலிருந்து மட்டும் போயிலை நாற்றம் போகவில்லை. அடுத்த வாரம் இட்லியைச் சாப்பிட்ட இவருக்கு விக்கல் எடுத்தது. புதுப் பானை வாங்கினேன்.

டப்பாவில் அடைத்துக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். வரும்போது நோட்டை நீட்டினார். படித்துப் பார்த்தேன்.

நடராசன் சார்: ‘முன்பு வந்ததைவிட மேலானது. கம்பெனியார் தரத்தை உயர்த்தியிருக்கிறார்கள்.’

வெள்ளைச்சாமி: ‘பனி பெய்யும் மலையடிவாரத்தில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் நிற்பது போன்ற உணர்வு.’ இவர் பார்த்த பெரிய மலை கல்வராயன் மலை. அதையும் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததுதான்.

மாட்டு டாக்டர்: ‘தொண்டையில் மெல்லிய கரகரப்பு. உயர்ந்த மதுப்பீப்பாயில் ஊறியதன் அடையாளம்.’

முந்திரிப்பழம் தின்றவனுக்குத் தெரியாதா அந்தக் கரகரப்பு? ஊரைச் சுற்றி முந்திரிக்காடு. மார்ச்சு மாசம் பிறந்தால் ஜெயங்கொண்டம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் மூக்கில்கூட அந்த வாசனை ஏறும். ஆனால் சிவப்பு டப்பாவில் தங்கக் கோட்டுக்குள்ளே முந்திரிப்பழம் இருக்கும் என்று அந்த மூன்று பேருக்கும் செத்தாலும் தோன்றாது. அடக் கர்த்தாவே, படித்தவர்கள்!

பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது என் பாவங்களில் மற்ற எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிட்டேன். சாமியாருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. விவரமாகக் கேட்பார்.

பழம் இல்லாத மாசங்களுக்குப் பாகை ஜாடியில் எடுத்துவைத்து மூன்று வருஷம் ஓட்டினேன். ஒரே ஒரு தடவைதான் உயிர் போய் வந்தது. 2002 மழைக்காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கூட்டத்தில் டப்பாவைத் திறந்தால், வரிசையாகச் சிவப்பு எறும்பு வெளியே வந்திருக்கிறது. வெல்லம் அல்லவா! வெள்ளைச்சாமி சார் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரு எறும்பு இவ்ளோ செவப்பா இருக்காதுங்க. அது நடக்குறதப் பாருங்க, ஒரு ஒழுங்கு தெரியுது” என்றாராம். மாட்டு டாக்டர், “இனமே வேற சார்” என்றாராம். அன்றைய நோட்டில் ‘எறும்பும் விரும்பும் தரம்’ என்று எழுதி ஸ்டாம்பு அடித்திருக்கிறது. அன்றிலிருந்து டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன்.

இவரும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டார். சில நாள் வீட்டில்கூடக் கால்மேல் கால் போட்டார். நான் பார்த்தால் இறக்கிவிடுவார். ஒன்று மட்டும் மாறவில்லை. அவரை விடச் சின்னவரான மாட்டு டாக்டரை நடராசன் சார் ‘வாங்க டாக்டர்’ என்பார். இவரை ‘வா ஞானமுத்து’தான். நோட்டில் ‘வந்தோர்’ என்ற இடத்தில் மூன்று பெயரை முழுசாக எழுதிவிட்டு, தன் பெயரை ‘மற்றும் ஞா.’ என்று இவரே எழுதிக்கொள்வார்.

2004 மார்ச்சில் இவர் ஓய்வு பெற்றார். மே மாசக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

“அற்புதம், மோசம் போச்சு. சார் மெட்ராசுல ஒரு கல்யாணத்துல ஒருத்தரப் பாத்தாராம். தணிகாசலம்னு பேரு. பைப் போயிலைக் கம்பெனியில முப்பது வருசமா எலை தரம் பாக்குறவரு. மூக்குலயே எல்லாம் கண்டுபுடிச்சுருவாராம். நம்ம டப்பாவப் பாக்கணும்னு கூட்டத்துக்கு வராரு.”

“எங்க கூட்டம்?”

“அதுதான் சொல்றேன். சார் மக பிள்ளையாண்டு வந்துருக்கு. வூட்டுல பொகையே கூடாதுன்னு சார் சம்சாரம் சுந்தராம்பாள் அம்மா சொல்லிட்டாங்களாம். டாக்டர் வூட்டுக்குப் பெரம்பலூர் போகணும். ஸ்டேஷன் மாஸ்டர் வூடு மாடி, வந்தவருக்கு முட்டி வலியாம். அதனால...” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நம்ம வூட்ல.”

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் கூட்டம். பயத்தில் செத்துக்கொண்டிருக்கிற மனுஷன் முகத்தில் அதற்கும் நடுவே ஒரு பூரிப்பு. அடுத்த நாளே சுண்ணாம்பு அடித்தார். பந்தல் கடையில் ஐந்து நாற்காலி வாடகைக்கு எடுத்தார். மூன்று பேருக்கு மூன்று, வருகிறவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தன்னுடையதைத் தனியாக ஈரத்துணியால் துடைத்ததை நான் பார்த்தேன்.

“டப்பா தொலஞ்சு போச்சுன்னு சொல்லிருங்களேன்” என்றேன்.

“பொய் சொல்லக்கூடாது அற்புதம்” என்றார். மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருப்பது என்னவென்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தணிகாசலம் குட்டையாக, வழுக்கையாக, வேட்டி கட்டி வந்திருந்தார். சூட்டுக்கோட்டு எதிர்பார்த்திருந்த வெள்ளைச்சாமி சார் முகம் சுருங்கிவிட்டது. நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தேன். கிண்ணம் மூடி எல்லாம் கிடையாது, நேராகச் சிவப்பு டப்பாதான். அந்த வருஷப் பழத்தில் செய்து, அம்மிக்கல்லுக்கு அடியிலிருந்து எடுத்துப் பத்தே நாளான சரக்கு. என் கைப்பக்குவத்தில் அதுதான் சிறந்தது. அன்றைக்கு அதுவே எனக்கு எமன்.

தணிகாசலம் விரலில் எடுத்து நசுக்கினார். முகர்ந்தார். டப்பாவின் எழுத்தைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பைப்பில் அடைத்துப் பற்றவைத்தார். பத்து நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை. என் எண்ணெய்ச் சட்டியில் வடை கருகியது.

“டப்பா இந்தக் கம்பெனியோடதுதான்” என்றார் தணிகாசலம். “சரக்கு இல்லீங்க.”

“என்ன சார் சொல்றீங்க?” என்றார் நடராசன் சார்.

“எங்க அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். லீவுக்குப் போனா மரத்தடியிலயே கெடப்போம். இது முந்திரிப்பழம். பாகு வெல்லப்பாகு. எலை வெத்தலைக்குப் போடுறது.”

நடராசன் சார் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஞானமுத்து, என்னய்யா இது?”

இவர் எழுந்தார். தான் துடைத்து வைத்த நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளினார். ஜன்னலில் இருந்த கோழி இறகுக் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நின்றார்.

தன் சொந்த வீட்டில், தானே சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி, வேலைக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார் என் புருஷன். வடைத் தட்டோடு வந்த நான் அதைப் பார்த்தேன். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. தட்டை மேசையில் வைத்தேன். ஒரு வடை உருண்டு போய் மாட்டு டாக்டர் மடியில் விழுந்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“செஞ்சது அவரு இல்ல. நான்” என்றேன். “இருங்க, முழுசாக் கேளுங்க.” சாப்பாட்டு வரிசையில் கூப்பிடுகிற குரலில் படிக்க ஆரம்பித்தேன். “‘கம்பெனியார் தரத்தை உயர்த்தியிருக்கிறார்கள்.’ கம்பெனி நான்தான் சார், ரொம்ப நன்றி. ‘பனி பெய்யும் மலையடிவாரத்தில் ஓர் ஆப்பிள் தோட்டம்.’ அது வரதராசன்பேட்டையில எந்தங்கச்சி காடுங்க ஸ்டேஷன் மாஸ்டர். பனி எல்லாம் பெய்யாது, ஆடுதான் மேயும். ‘உயர்ந்த மதுப்பீப்பாய்.’ எங்க இட்லிப் பானை டாக்டர். ‘எறும்பும் விரும்பும் தரம்...’”

“போதும்மா” என்றார் வெள்ளைச்சாமி சார். முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னும் முப்பத்தியோரு மாசம் இருக்கு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. ஸ்டாம்பு வேற அடிச்சுருக்கு.”

தணிகாசலம் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எத்தனை நாளும்மா அழுத்தி வெச்சீங்க?” என்றார்.

“இருபது நாளு. அம்மிக்கல்லு.”

“அடேயப்பா” என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் டப்பாவில் கைவிட்டு இன்னொரு பைப் அடைத்தார்.

நடராசன் சார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜராக இருந்தவர் இல்லையா, கணக்குப் போடத் தெரியாதா? இவரைத் துரத்தினால் ஏன் துரத்தினார்கள் என்று ஊர் கேட்கும். நோட்டு என்னிடம் இருக்கிறது. என் வாயும் என்னிடம்தான் இருக்கிறது.

“அந்தப் பக்கத்த எல்லாம் கிழிச்சுரலாமா?” என்றார் மெதுவாக.

“கிழிக்கலாம். எம்புருசன் உக்காந்தப்பறம்.”

“உக்காரு ஞானமுத்து.”

இவர் அசையவில்லை. நானும் நோட்டை விடவில்லை. நடராசன் சாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருநூறு பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது. நடராசன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உக்காருங்க ஞானமுத்து” என்றார்.

அந்த ஒரு ‘ங்க’வுக்கு முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கிய கை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைத்துக்கொண்டேன். இப்போதாவது போய் உட்காருவார் என்று பார்த்தேன். இந்த மனுஷன் அப்போதும் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார், அறையில் இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். லாரியைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை எண்ணினார்.

“அற்புதத்துக்கு ஒரு நாற்காலி வேணுமே சார்” என்றார்.

ஏழு வருஷமாக ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. ஆறு பேர், ஐந்து நாற்காலி. வெள்ளைச்சாமி சார் கூரையைப் பார்த்தார். மாட்டு டாக்டர் மடியில் விழுந்த வடையைத் தின்றுகொண்டிருந்தார். தணிகாசலம் முட்டியைத் தடவிக்கொண்டு நடராசன் சாரையே பார்த்தார். வேறு வழியில்லாமல் நடராசன் சார் எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தன் நாற்காலிக்கு வந்தார். உட்காரப் போனவருக்குக் கையில் இருந்த இறகுக் கட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நின்றுகொண்டிருந்த நடராசன் சார் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.